திருத்தமும் திரும்பும் வழியும்

கணிப்பொறி என்றவுடன் திரையும் விசைப்பலகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவ்விரண்டும் இன்றி, அலுவலகத்தின் ஒரு மூலையில் சிறு விளக்குகள் மினுங்க, இரவும் பகலும் உழைக்கும் கணிப்பொறிகளும் உண்டு. அவையே சுவிட்ச், ரௌட்டர் என்பன. இவற்றினுள் இயங்கும் மென்பொருளில் பிழைகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றைத் திருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

ஒரே கட்டடத்துக்குள் மேசைக்கு மேசை கடிதம் கொண்டு சேர்க்கும் பணியாளரைப் போன்றது சுவிட்ச். வெளியூர்க் கடிதத்தின் முகவரியைப் பார்த்து, எந்தப் பையில் போட வேண்டும் என்று பிரிக்கும் அஞ்சல் ஊழியரைப் போன்றது ரௌட்டர். இவ்வேலையைச் செய்விக்கும் மென்பொருள் இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்டது. மனிதர் எழுதிய வரிகளில் பிழை இல்லாதிருக்குமா?

அப்பிழைகளுள் சில உடனே தெரிவதில்லை. வந்தவருக்கெல்லாம் நாற்காலி போட்டு, அவர் போன பின் அதை எடுத்து வைக்க மறந்தால், நாளடைவில் கூடத்தில் நிற்கவும் இடம் இராது. மென்பொருளும் இவ்வாறே நினைவகத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தர மறப்பதுண்டு. அப்போது கருவி பல மாதங்கள் கழித்துத் திடீரென நின்றுவிடும். வேறொரு வகையும் உண்டு. நொடியின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு 32 பிட்டு எண்ணில் காலத்தை எண்ணினால், ஏறக்குறைய 497 நாள்களில் அவ்வெண் நிரம்பி மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும். இதை எதிர்பாராமல் எழுதப்பட்ட நிரல் அன்றைக்குத் தடுமாறும். ஒரு வாரம் சோதித்துப் பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்?

பிழை தெரிந்தபின் உற்பத்தியாளர் திருத்திய பதிப்பை வெளியிடுகிறார். அதைக் கருவியில் ஏற்றிப் பெரும்பாலும் கருவியை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் வலைப்பின்னல் ஊமையாகிவிடும். ஆகவே, உடனே ஏற்றுவதா, பொறுத்திருப்பதா என்ற கேள்வி எழுகிறது. இரண்டிலும் ஆபத்து உண்டு என்பதற்கு வரலாறு சான்று தருகிறது.

1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி அமைப்பு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் சீர்குலைந்தது. அதன் 114 சுவிட்ச் நிலையங்களிலும் முந்தைய மாதம் புதிய மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. செய்திகளை விரைவாகக் கையாள்வதற்கென்று செய்த மாற்றம் அது. அதில் ஒரு கட்டளை இடம் மாறி அமைந்துவிட்டது. நியூயார்க்கில் ஒரு நிலையம் சற்றே நின்று மீண்டபோது, 'நான் மீண்டுவிட்டேன்' என்று அண்டை நிலையங்களுக்குச் செய்தி அனுப்பியது. அச்செய்தியை உள்வாங்கும் நேரத்தில் அடுத்த செய்தியும் வந்து சேரவே அண்டை நிலையங்கள் தடுமாறி நின்றன. அவையும் மீண்டு அதே செய்தியை அனுப்பின. இவ்வாறு நோய் நாடெங்கும் பரவிற்று. நிலையங்களுக்கிடையே ஓடிய செய்திகளின் நெரிசலைக் குறைத்த பின்னரே அமைப்பு நிலைபெற்றது. எல்லா நிலையங்களிலும் ஒரே மென்பொருள் இருந்ததால், ஒன்றுக்கு வந்த நோய் அனைத்துக்கும் வந்தது.

தாமதத்தின் ஆபத்தைக் காட்டியது 2023 ஆம் ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று, சிஸ்கோ நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. மென்பொருளில் மிகக் கடுமையான ஓட்டை ஒன்று இருப்பது அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே தீயோர் அதை அறிந்து பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். பல்லாயிரம் கருவிகள் அவர்கள் வசமாயின. திருத்தம் அக்டோபர் 22 அன்றுதான் வெளிவரத் தொடங்கியது. இடைப்பட்ட நாள்களில், இணையப் பக்கம் வழியாகக் கருவியை மேலாளும் வசதியையே நிறுத்திவைக்குமாறு நிறுவனம் அறிவுறுத்தியது. மருந்து வரும்வரை பத்தியம் காப்பது போன்றது இது.

அவசரமும் தீது, தாமதமும் தீது என்றால் செய்வதென்ன? இதற்கு விடை காண, நம் மாவட்டத்து அவலாஞ்சியை எடுத்துக்கொள்வோம். சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே பெயராகக் கொண்ட ஊர் அது. 2019 ஆகஸ்டு மாதத்தில் அங்கு ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேலானது இது. மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்த நீர்த்தேக்கம் அங்கு இருக்கிறது. இத்தகைய இடத்தில் ஒரு ரௌட்டர் இருப்பதாகக் கொள்வோம். உதகையில் அமர்ந்தபடி அதில் புதிய மென்பொருளை ஏற்றுகிறோம். கருவி மீண்டும் எழவில்லை. கன்சோல் கேபிளுடன் யார் அங்கே போவது? வழி அடைபடும் நாளே, மழையளவும் நீர்மட்டமும் மற்றவர்களுக்குக் கட்டாயம் தெரியவேண்டிய நாளுமாகும் அன்றோ?

ஆதலால் நான் முக்கியமாகக் கருதுவது இதுவே: திரும்பும் வழியை அமைத்த பின்னரே திருத்தத்தைத் தொட வேண்டும். முதலில், வெளியீட்டுக் குறிப்பைப் படித்து அந்தப் பிழை நம் கருவியைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். நாம் பயன்படுத்தாத வசதியில் உள்ள பிழைக்காக மழைக்காலத்தில் கருவியை நிறுத்த வேண்டியதில்லை. இறக்கிய கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்த்து, கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஒரு கருவியில் சோதித்த பிறகே தொலைவில் உள்ளதைத் தொட வேண்டும். பழைய பதிப்பை அழிக்காமல் வைத்து, புதியது எழாவிட்டால் பழையதே எழுமாறு அமைக்க வேண்டும். அமைப்பு மாற்றங்களுக்கு ஜூனிபர் கருவிகளில் ஓர் அரிய வசதி உண்டு. மாற்றத்தைத் தற்காலிகமாக ஏற்றுப் பத்து நிமிடங்களுக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால், கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நம் கை அறுந்தாலும் கருவி பிழைத்துக்கொள்ளும். காத்திருக்கக்கூடிய திருத்தங்களைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். காத்திருக்க முடியாதவற்றுக்கு, அவலாஞ்சியிலேயே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும்.

மென்பொருள் கற்கும் மாணவ நண்பர்கள் புதிதாக எழுதும் திறமையையே பெரிதாக எண்ணுகின்றனர். எழுதியதைத் திருத்துவதும், திருத்தம் பொய்த்தால் பழைய நிலைக்கு மீள்வதும் அதற்குக் குறைந்த கலைகள் அல்ல. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர் புறப்படுமுன் பிரேக்கைச் சோதிக்கிறார். அதனால் அவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை.