கொயினாவின் தூய்மையை அறிவது எங்ஙனம்?

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை ஏறி வால்பாறைப் பக்கம் செல்வோர் ‘சிங்கோனா’ என்னும் ஊரைக் காண்பர். பாலக்காட்டின் பறம்பிக்குளக் காடுகளும் இடுக்கியின் மூணாற்று மலைகளும் அதற்கு அண்மையில் உள்ளன. இன்று அங்கே காண்பது தேயிலைத் தோட்டமே. ஊர்ப்பெயரோ ஒரு மரத்தின் வரலாற்றைக் கூறுகின்றது. மூணாற்றிலும் தேயிலை வேரூன்றுமுன் சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்த்தனர்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குரிய அம்மரத்தின் பட்டையிலிருந்து, மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொயினாவை 1820ஆம் ஆண்டில் பெல்தியே, கவெந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்தனர். பின்னர் மரம் நீலகிரிக்கு வந்தது. நடுவட்டத்தில் கொயினாத் தொழிற்சாலை எழுந்தது. வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்களிலும் கொயினாப் பொட்டலம் விற்கப்பட்டது. வாங்கிய ஏழைக் குடியானவன் எதனை நம்பி அதை விழுங்கினான்? உள்ளிருப்பது தூய மருந்து என்பதனை நம்பியே அன்றோ!

அந்நம்பிக்கையைக் காப்பது எளிதன்று. பட்டையில் கொயினாவுடன் கினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகியனவும் கலந்துள்ளன. கொயினாவிலும் கினிடினிலும் உள்ள அணுக்கள் வகையாலும் எண்ணிக்கையாலும் ஒன்றே. அவை அமைந்த முறையே வேறு. கினிடினும் காய்ச்சலைத் தணிக்கும்; எனினும் இதயத்தை மிகுதியாகத் தாக்கும். இரண்டும் வெண்மை, இரண்டும் கசப்பு. கண்ணாலும் நாவாலும் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

ஆகவே சோதனைச்சாலையை நாடுகிறோம். கந்தக அமிலம் கலந்த நீரில் கொயினாவைக் கரைத்துப் புற ஊதாக் கதிரில் வைத்தால் அது நீலமாய் ஒளிரும். கினிடினும் அவ்வாறே ஒளிருமாதலால் இச்சோதனை மட்டும் போதாது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கரைசல்வழிச் செலுத்தினால், கொயினா அதனை இடப்புறமும் கினிடின் வலப்புறமும் திருப்பும். கலப்பு இருப்பின் திருப்பத்தின் அளவு குறையும். எது, எவ்வளவு கலந்துள்ளது என்பதைக் குரோமட்டோகிராபி முறை காட்டும். நுண்துகள் நிரம்பிய குழாயில் கரைசலை அழுத்திச் செலுத்த, ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும்.

தூய்மை இன்றிருந்தால் போதாது; நாளையும் நிலைக்க வேண்டும். ஒளி பட்டால் கொயினா பழுப்பேறும். ஆதலின் ஒளி புகாத கலத்தில் அடைக்கின்றனர். மருந்துகளை 40 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆறு திங்கள் வைத்துச் சோதிப்பது இக்கால வழக்கம். இயல்பான சேமிப்பு நிலையிலும் நெடுநாள் வைத்து, இடையிடையே எடுத்து அளப்பர். உறையில் நாம் காணும் காலாவதி நாள் இவ்வாறு பிறப்பதே.

மருந்து வலுக்குறைந்தால் நோய்க்கிருமி பிழைத்துக்கொள்ளும். அளவு மிகுந்தால் காது இரையும், பார்வையும் கெடக்கூடும். மலேரியா சிகிச்சையில் கொயினாவின் முதலிடத்தை இன்று மற்றொரு செடியிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் பெற்றுள்ளன. அவற்றிற்கும் தூய்மை, நிலைப்பு என்னும் இவ்விரு கேள்விகளே உரைகல். மூலிகை மலையில் விளையலாம். அது மருந்தாவது சோதனைக்குப் பின்னரே.