குளிசையும் குடும்பத்து நோயும்

கருத்தடைக் குளிசை பற்றி எமது தாய்மார் மத்தியில் இரண்டு விதமான பேச்சு உண்டு. அது எல்லோருக்கும் ஒன்றுதான், பக்கத்து வீட்டில் வாங்கியும் போடலாம் என்பர் சிலர். குடும்பத்தில் யாருக்காவது பாரிசவாதமோ புற்றுநோயோ வந்திருந்தால் அதைத் தொடவே கூடாது என்பர் வேறு சிலர். இரண்டும் பிழை. குடும்பத்து நோயைச் சாட்சியாகக் கேட்க வேண்டும். தீர்ப்பையும் அதனிடமே விட்டுவிடக் கூடாது.

கத்தோலிக்கருக்கு இது மனச்சாட்சியின் கேள்வியும் ஆகும். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968ல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. நோயைக் குணமாக்கத் தேவையான மருந்தை அது தடுக்கவுமில்லை. மாதவிடாயில் அளவுமீறிக் குருதி போகும் பெண்களுக்கு வைத்தியர்கள் இதே குளிசையைக் கொடுப்பதுண்டு. எக்காரணத்துக்காக எடுத்தாலும் எடுப்பவரின் உயிர் காக்கப்பட வேண்டும்.

ஆபத்து எங்கே?

வழக்கமான குளிசையில் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டின் என்னும் இரண்டு ஓமோன்கள் உள்ளன. ஈஸ்ட்ரஜன் குருதி உறையும் தன்மையைக் கூட்டும். 1960ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதற் குளிசையைவிட இன்றையதில் அதன் அளவு மிகக் குறைவு. எனினும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை. குளிசை எடுக்காத, கர்ப்பமுமில்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 பேருக்கு நாளத்தில் குருதி கட்டிபடுகிறது. லெவோநோஜெஸ்ட்ரல் கலந்த குளிசை எடுப்போரில் 5 முதல் 7 பேருக்கு. கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற பின் வரும் கிழமைகளிலும் இதைவிட அதிகம்.

யாருக்கு, எந்த நோய், எந்த வயதில்?

தாய், தகப்பன், கூடப்பிறந்தோர் ஆகியோரின் நோயே முக்கியம். தகப்பன் வழியை மறக்க வேண்டாம். மாமியாரின் நோய் இங்கு கணக்கில் வராது.

இவர்களில் ஒருவருக்குக் காலிலோ நுரையீரலிலோ குருதி கட்டிபட்டிருந்தால், அதுவும் 45 வயதுக்கு முன் என்றால், வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்காக மட்டும் உலக சுகாதார நிறுவனம் குளிசையைத் தடுக்கவில்லை. குருதி உறைவதில் பரம்பரைக் குறைபாடு உங்களுக்கு இருப்பது தெரிந்தால் குளிசை கூடாது. தாய்க்கு மார்புப் புற்றுநோய் வந்திருப்பது தடையல்ல. உங்களுக்கே வந்திருந்தால் கூடாது. தாய்க்குப் பாரிசவாதமோ பிரஷரோ இருந்தால் உங்கள் குருதி அமுக்கத்தை அளந்து பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் இக்குளிசை பொதுவாக ஏற்றதல்ல.

கண்முன் மின்னற் கோடுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கும், 35 வயதுக்கு மேல் சுருட்டோ சிகரெட்டோ புகைப்பவர்களுக்கும், 6 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டுபவர்களுக்கும் வேறு வழியே நல்லது. செப்பு லூப்பில் ஓமோன் இல்லை. இயற்கை முறைகளிலும் இந்த ஆபத்து இல்லை.

அறிந்தவர்களிடம் கேளுங்கள்

இடம்பெயர்ந்த எமக்கு இங்கேதான் இடர். கிளினிக் அட்டைகள் வீட்டோடு போயின. வழியில் இறந்தவர்களுக்கு என்ன நோய் என்று பார்க்க வைத்தியர் இருக்கவில்லை. "நெஞ்சுநோவில் போனவர்" என்பது மட்டுமே மிஞ்சியுள்ளது. விபரம் அறிந்த பெரியம்மா வேறு மாவட்டத்தில் அல்லது வெளிநாட்டில். அவரோடு அடுத்த முறை கதைக்கும்போது கேளுங்கள்: அப்போது என்ன வயது? ஒரு கால் மட்டும் வீங்கியதா? திடீரென மூச்சு முட்டியதா? பிள்ளைப்பேற்றை அடுத்தா நடந்தது? விடைகளைக் கொப்பித் தாளில் எழுதி, குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

குளிசை எடுப்பவருக்கு ஒரு கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, திடீரென நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், கடும் தலையிடி, பார்வை மங்கல், பேச்சுத் தடுமாற்றம் வந்தாலோ குளிசையை நிறுத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காணி உறுதியைப் பத்திரப்படுத்தும் நாம் இந்தத் தாளையும் அதனுடன் வைப்போம். நாளை மகளுக்கும் அது உதவும்.