தக்காளிப் பயிரும் ஒரு சிறு அந்துப்பூச்சியும்

புனேயிலிருந்து பெங்களூருக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை, தும்கூரைக் கடந்து பீன்யா தொழிற்பேட்டை வழியாக நகருக்குள் நுழைகிறது. தொழிற்சாலைப் பொருள்களோடு காய்கறிகளும் இச்சாலையில் செல்கின்றன. இவ்வாறு செல்லும் விளைபொருள்களோடு பயிர்ப்பகைகளும் இடம்பெயர்கின்றன என்பதற்குத் தக்காளி ஊசிப்புழு ஓர் எடுத்துக்காட்டாகும்.

'டூட்டா அப்சலூட்டா' எனப் பரவலாக வழங்கும் இவ்வந்துப்பூச்சியை, பெரு நாட்டில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1917-இல் எட்வர்ட் மெய்ரிக் விவரித்தார். தென் அமெரிக்காவில் மட்டுமே இருந்த இது, 2006-இல் ஸ்பெயினில் காணப்பட்டது. பின்னர் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் பரவி, 2014-இல் புனே பகுதியிலும், அதையொட்டிக் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டது.

தாய்ப்பூச்சி சுமார் 6 மி.மீ. நீளமே உடையது. சாம்பல் கலந்த பழுப்பு நிற முன்னிறகுகளில் கரும்புள்ளிகள் காணப்படும். பகலில் இலைகளிடையே மறைந்திருந்து, அந்தியிலும் விடியலிலும் நடமாடும். ஒரு பெண் பூச்சி 260 முட்டைகள் வரை இடவல்லது. புழுக்கள் இலையின் இரு தோல்களுக்கிடையே குடைந்து பச்சையத்தை உண்கின்றன. காய்களிலும் ஊசித் துளைகளிடுகின்றன. தக்காளியே முதன்மை உணவு. உருளைக்கிழங்கு, கத்தரி, மணத்தக்காளி, ஊமத்தை ஆகியவற்றிலும் இது வாழும். எனவே, அறுவடைக்குப் பின்னரும் வரப்பிலுள்ள களைகள் இதற்குப் புகலிடமாகின்றன.

புழு இலைக்குள்ளேயே இருப்பதால் தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை. மீண்டும் மீண்டும் தெளிப்பதால் செலவு பெருகுவதுடன், மருந்தைத் தாங்கும் திறனும் பூச்சிக்கு ஏற்படுகிறது. பல நாடுகளின் அனுபவம் இதுவே. சிறு விவசாயிக்கு இது இரட்டை இழப்பாகும்.

ஆகவே ஒருங்கிணைந்த முறைகளே பயன் தரும். நாற்றங்காலை வலையால் மூடுதல், தாக்குண்ட இலைகளையும் காய்களையும் அகற்றி அழித்தல், இனக்கவர்ச்சிப் பொறிகளை அமைத்தல், வேம்பு சார்ந்த மருந்துகளைப் பயன்படுத்துதல், அடுத்த பருவத்தில் தக்காளிக் குடும்பம் சாராத பயிரிடுதல் ஆகியன இவற்றுள் முக்கியமானவை. பீன்யாவுக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய முறைகளைப் பரிந்துரைத்துள்ளது.

வயலில் மேற்கொள்ளும் முயற்சி மட்டும் போதாது. நாற்றுகளைச் சோதித்து அனுப்புதல், சந்தைக் கழிவை உடனுக்குடன் அகற்றுதல், காலிக் கூடைகளைத் தூய்மை செய்து திருப்பி அனுப்புதல் ஆகியவை வணிகர், சந்தை நிர்வாகம், வேளாண் துறை ஆகிய முத்தரப்பினரின் பொறுப்பாகும். பூச்சி பரவும் வழியிலேயே அதைத் தடுத்தால்தான் உழவரின் உழைப்பு வீணாகாது.