விளக்கை எங்கே பொருத்துவது?

இன்று இரவு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சமையலறையில் வழக்கமாகப் போடும் விளக்கைப் போட்டு, மேடையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, காய் நறுக்குவதுபோல் அதன் முன்னால் நில்லுங்கள். தாளின்மேல் உங்கள் தலையும் தோளும் நிழலாக விழுகின்றனவா? அப்படியானால் நீங்கள் தினமும் கத்தி பிடிப்பது உங்கள் சொந்த நிழலில்தான். பலரும் உடனே பெரிய பல்பு வாங்கிவிடுகிறார்கள். அதனால் அறை பளிச்சென்று ஆகும். நிழல் அதே இடத்தில் இன்னும் அழுத்தமாகத் தெரியும். விளக்கு பொருத்தப்பட்ட இடம் மாறாதவரை நிழலும் மாறாது.

வெளிச்சம் எப்படிப் பரவுகிறது என்பதை யொஹான் ஹைன்ரிக் லாம்பர்ட் என்ற அறிஞர் 1760ஆம் ஆண்டிலேயே கணக்காக எழுதி வைத்துவிட்டார். நம் வீட்டுக்கு அதில் இரண்டு விதிகள் போதும். முதலாவது, விளக்கிலிருந்து தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். இரண்டாவது, ஒளி நேராக விழாமல் சாய்ந்து விழுந்தால் அதே ஒளி அதிகப் பரப்பில் பரவி மங்கும். மாணவர்கள் இதைத் தேர்வில் சரியாக எழுதிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் அளந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

நாம் அளந்து பார்ப்போம். பல வீவக வீடுகளில் தரையிலிருந்து உட்கூரை வரை சுமார் 2.6 மீட்டர் உயரம். சாப்பாட்டு மேசையின் உயரம் 75 செண்டிமீட்டர். எல்லாப் பக்கமும் சமமாக ஒளி வீசும் 800 லூமன் பல்பை உட்கூரையோடு ஒட்டிப் பொருத்தினால், அதிலிருந்து நேராக மேசை நடுவில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 19 லக்ஸ். அதே பல்பை மேசைக்கு மேலே 75 செண்டிமீட்டரில் தொங்கவிட்டால் 113 லக்ஸ். மின்கட்டணம் ஒரு காசு கூடவில்லை, வெளிச்சம் மட்டும் ஆறு மடங்கு. வெள்ளைச் சுவரும் உட்கூரையும் திருப்பி அனுப்பும் ஒளி இதற்கு மேல் கூடுதல். அடர்நிறச் சுவர் பூசியவர்களுக்கு அது பெரிதாகக் கிடைக்காது.

ஆனால் கீழே இறக்குவதற்கும் ஒரு விலை உண்டு. மேசை நடுவிலிருந்து 75 செண்டிமீட்டர் தள்ளி, ஓரத்தில் உள்ள தட்டைப் பாருங்கள். உட்கூரை விளக்கில் அங்கே சுமார் 15 லக்ஸ், நடுவுக்கும் ஓரத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. தாழ்த்தித் தொங்கவிட்ட விளக்கிலோ நடுவில் 113, ஓரத்தில் 40. அதனால் நீள மேசைக்கு ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சிறிய தொங்குவிளக்குகள் மேல். 75 செண்டிமீட்டர் என்ற அளவும் காரணத்தோடுதான் வருகிறது. உட்கார்ந்திருப்பவரின் கண் மேசைக்கு மேலே 45 செண்டிமீட்டர் அளவில் இருக்கும். விளக்கு அதற்கு நன்றாக மேலே இருந்தால் எதிரில் இருப்பவரின் முகத்தை மறைக்காது. மூடி சற்று ஆழமாக இருந்தால் பல்பும் கண்ணில் குத்தாது. துளை போடுவதற்கு முன் ஒரு கயிற்றில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு நாள் பாருங்கள். விருந்தினர் வரும்போது மேசையைச் சுவரோரம் தள்ளுகிற வீடு என்றால் தொங்குவிளக்கே வேண்டாம். எல்லாருடைய தலையும் அதில் இடிக்கும்.

நம் வீடுகளில் அதிகம் கேட்கும் புகார் வேறொன்று: விசிறி சுழலும்போது விளக்கு துடிக்கிறது. மூன்று இறக்கை விசிறி நிமிடத்துக்கு 200 முறை சுற்றினால், மேலே உள்ள டவுன்லைட்டின் ஒளியை நொடிக்கு 10 முறை வெட்டும். கண்ணை மிகவும் உறுத்தும் வேகங்களில் இதுவும் ஒன்று. சிலருக்குத் தலைவலியே வரும். இதற்கும் கணக்கு இருக்கிறது. 1.2 மீட்டர் விட்டமுள்ள விசிறியின் இறக்கை உட்கூரையிலிருந்து 30 செண்டிமீட்டர் கீழே சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 பாகை விரியும் டவுன்லைட்டின் ஒளி, அந்த 30 செண்டிமீட்டர் இறங்குவதற்குள் பக்கவாட்டில் 17 செண்டிமீட்டர் பரவிவிடும். விசிறியின் ஆரம் 60, அதோடு 17. ஆகவே விசிறி நடுவிலிருந்து குறைந்தது 77 செண்டிமீட்டர் தள்ளி விளக்கு இருக்க வேண்டும். ஓரத்தில் சிந்தும் ஒளியையும் சேர்த்து ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. புதுப்பிப்புப் பணிக்கு வரைபடம் போடும் நாளிலேயே குத்தகையாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பொய்க்கூரையில் துளை விழுந்த பிறகு பேசிப் பயனில்லை. கம்பி இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

சமையலறை நிழலுக்குத் தீர்வு, விளக்கு உங்களுக்கு முன்னால் வருவது. மேல் அலமாரியின் அடியில், பின்சுவரோரம் ஒட்டாமல் முன்விளிம்புக்கு அருகே ஓர் எல்இடி பட்டை ஒட்டினால் ஒளி நறுக்கும் பலகைமேல் நேராக விழும். குளியலறைக் கண்ணாடிக்கும் இதே தத்துவம்: தலைக்கு மேலே ஒரே விளக்கு இருந்தால் கண்ணுக்கும் மோவாய்க்கும் கீழே நிழல் கட்டும், இருபக்கமும் முக உயரத்தில் இருந்தால் கட்டாது. சாமி அறையில் படங்களின் கண்ணாடியில் உங்கள் பின்னால் உள்ள விளக்குதான் தெரிகிறதா? படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்தது நினைவிருக்கும். விளக்கைச் சுவரிலிருந்து 60 செண்டிமீட்டர் அளவில் வைத்துப் படத்தை நோக்கித் திருப்பினால், எதிரொளி உங்கள் கண்ணுக்கு வராமல் தரைக்குப் போய்விடும்.

பிள்ளைகளின் படிப்பு மேசைக்கு உட்கூரை விளக்கு மட்டும் போதாது. படிக்க, எழுத 500 லக்ஸ் என்பது பொதுவான அளவு. ஒளியைக் கீழ்நோக்கி வீசும் 400 லூமன் மேசை விளக்கு, 40 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து இதை எளிதில் தந்துவிடும். வலக்கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம், இடக்கையருக்கு வலப்பக்கம். நேர் எதிரில் வைத்தால் வழவழப்பான தாளில் பட்டு ஒளி கண்ணுக்கே திரும்பும். அறை விளக்கும் எரியட்டும். கிட்டப்பார்வை பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு ஒன்று: பகலில் மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கிறது. எந்த மேசை விளக்கும் அதற்கு ஈடாகாது.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், நான் முதலில் பார்க்கச் சொல்வது படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையிலுள்ள வழியை. வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நடுநிசியில் பெரிய விளக்கைப் போட்டால் கண் கூசும். திரும்பி வரும்போது அதை அணைத்தால், கண் மறுபடி முழுமையாக இருளுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். இடையில் நடப்பது ஏறக்குறைய கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

இங்கே விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும். தரையில் 5 செண்டிமீட்டர் உயரப் பொம்மை ஒன்று கிடக்கிறது. பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி உட்கூரையில் உள்ள விளக்கில் அதன் நிழல் 2 செண்டிமீட்டர்தான். அதே தூரத்தில் தரையிலிருந்து 30 செண்டிமீட்டர் உயரத்தில் உள்ள சிறு விளக்கில் நிழல் 20 செண்டிமீட்டர் நீளும். மங்கலான கண்ணும் அதைக் கவனிக்கும். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும், மஞ்சள் நிறச் சிறு விளக்குகள் இரண்டு போதும்: ஒன்று கட்டிலருகே, மற்றொன்று கழிவறை வாசல் திண்டுக்குப் பக்கத்தில். பொருத்தியதும் நீங்களே கட்டிலில் படுத்துப் பாருங்கள். பல்பு நேராகக் கண்ணில் பட்டால், கட்டில் காலுக்குப் பின்னால் சற்று நகர்த்திவிடுங்கள்.