தேடாமல் கிடைத்த கட்டி

ஒன்றைத் தேடப் போய் வேறொன்று அகப்படுவது உலக வழக்கம். சிறுநீரகக் கல்லுக்காகச் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டவரிடம், "கல் இல்லை, ஆனால் அட்ரினல் சுரப்பியில் சிறு கட்டி ஒன்று தென்படுகிறது" என்று சொல்ல நேர்கிறது. கல்லைப் பற்றிய கவலை அகன்று, அதனினும் பெருங்கவலை வந்து குடிகொள்கிறது. "டாக்டர், இது புற்றுநோயா?" என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் கூறும் மறுமொழியையே இன்று நேயர்களுக்கும் கூற விரும்புகிறேன்.

அட்ரினல் என்பது ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி. அதில் தற்செயலாகக் காணப்படும் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் 'பெரும்பாலானவை' என்ற சொல் தனி மனிதர் ஒருவருக்கு ஆறுதல் தராது. தம்முடைய கட்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதே அவருக்குத் தெரிய வேண்டும்.

அதை அறிவிப்பது ஓர் எண். இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்பீல்டு இக்கருவியை ஆக்கினார். 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளை இதனால் படமாக்கப்பட்டது. 1979-இல் அவரும் ஆலன் கார்மாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். திசுவானது எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஹவுன்ஸ்பீல்டின் பெயரால் வழங்கும் அலகில் அளக்கிறோம். தண்ணீருக்கு 0; காற்றுக்கு மைனஸ் 1000; கொழுப்புக்கு ஏறத்தாழ மைனஸ் 100.

தீங்கற்ற அட்ரினல் கட்டிகள் பலவற்றில் கொழுப்பு மிகுந்திருக்கும். ஆகவே, மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில் கட்டி ஒரே சீராக இருந்து, அதன் எண் 10 அல்லது அதற்குக் கீழே இருக்குமாயின், அது தீங்கற்றது என்று துணிந்து கூறலாம். கல்லுக்காக எடுக்கும் படம் பெரும்பாலும் மருந்து செலுத்தாததே. எனவே, கேள்வியை எழுப்பிய படத்திலேயே பல வேளைகளில் விடையும் இருக்கும்.

எண் 10-க்கு மேற்பட்டால் கட்டி தீயது என்று முடிவு கட்டலாகாது. கொழுப்புக் குறைந்த நற்கட்டிகளும் உண்டு. அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, ஒரு நிமிஷம் கழித்தும் பதினைந்து நிமிஷம் கழித்தும் படமெடுத்துப் பார்க்கிறோம். நற்கட்டி, ஏற்ற மருந்தில் நூற்றுக்கு 60 பங்கோ அதற்கு மேலோ அதற்குள் விட்டுவிடுவது வழக்கம். எனினும் இவ்விதிக்கு விலக்குகள் உண்டு. இதனை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுவதில்லை. இருவகை ஆற்றலுள்ள கதிர்களைக் கையாளும் புதிய கருவிகளோ, மருந்து செலுத்தி எடுத்த படத்திலிருந்தே அயோடினைக் கணக்கினால் கழித்து, செலுத்தாத படம் போன்றதொன்றை வருவித்துத் தருகின்றன. நோயாளிக்கு மறுமுறை கதிர் பாய்ச்சுவதை இது பல சமயங்களில் தவிர்க்கிறது.

ஆயினும், கட்டி மிகுதியான ஹார்மோனைச் சுரக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. அதற்கு இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட வேண்டும். அட்ரினலின் போன்றவற்றைப் பெருக்கும் கட்டியை அறியாமல் ஊசியால் குத்தினால், இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பழைய ஸ்கேன் படங்களை எறிந்துவிடாதீர்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அதே கட்டி அதே அளவில் இருக்குமானால், அது எங்களுக்கு மிக நல்ல சாட்சி.