ஷெட்டுல தூங்குற ஆஸ்டின் ஏ40: எதுல முதல்ல கை வைக்கணும்?

(எபிசோடின் ஒலிப்பதிவு, வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

மஸ்டாங், சார்ஜர் மாதிரி அமெரிக்க மசில் காரை பழைய குடோன்ல இருந்து இழுத்துட்டு வந்து, அரை மணி நேரத்துல பளபளன்னு ஆக்குற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. காத்திவாக்கத்துல எங்க பெரியப்பா வீட்டு ஷெட்டுல நிக்கிறது மசில் கார் இல்ல. ஆஸ்டின் ஏ40 டெவன். 1200 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டார்ட் பண்ணாத வண்டி. ஆனா கேள்வி அதேதான்: இதை என்ன பண்றது?

இந்த வண்டிக்கும் நம்ம ஏரியாவுக்கும் ஒரு சொந்தம் இருக்கு. 1948-ல ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சார். இங்கிலாந்துல இருந்து பாகங்களா வந்த ஏ40 கார்களை எண்ணூர்லதான் கோர்த்தாங்க. 1955-ல அந்தக் கம்பெனி அசோக் லேலண்டா மாறி, லாரி, பஸ் பக்கம் போயிடுச்சு. எண்ணூர்னா இன்னைக்கு லாரிதான் ஞாபகம் வரும். கார் வெளிய வந்த அந்தக் கொஞ்ச வருஷம் பலருக்குத் தெரியாது.

வீட்டுல நாலு கருத்து

எங்க வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அண்ணன், "பழைய இன்ஜினைத் தூக்கிட்டு மாருதி இன்ஜின் வைடா, தினமும் ஓட்டலாம்"னார். நான் பாடியை முழுசாக் கழட்டி, புதுசு மாதிரி ஆக்கணும்னு நினைச்சேன். அண்ணி, "அப்படியே துடைச்சு வைங்க, போதும்"னாங்க. 78 வயசு பெரியப்பா சொன்னது ஒரே வரி: "டேய், அது ஓடணும்டா. நான் உக்காந்து ஒரு ரவுண்டு போகணும்."

சாஃப்ட்வேர்ல, ஓடிக்கிட்டு இருக்குற சிஸ்டத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்போம். இது தப்பாப் போனா பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? இந்த நாலு வழிக்கும் அதையே கேட்டுப் பார்த்தேன்.

துடைச்சு வச்சா எதுவும் போகாது. இருக்கிற இன்ஜினையே ஓட வச்சாலும் பெருசா எதுவும் போகாது. ஆனா பழைய பெயிண்டைச் சுரண்டிட்டா, அது போனது போனதுதான். பெயிண்டை பத்து வருஷம் கழிச்சும் அடிக்கலாம். சுரண்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. மாருதி இன்ஜின் வைக்கணும்னா மவுண்டை வெட்டணும், கியர்பாக்ஸை மாத்தணும். அதுக்கப்புறம் அது எண்ணூர் ஆஸ்டின் இல்ல. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு எஃப்.ஐ.வி.ஏ-வோட டுரின் சாசனமும், முடிஞ்ச வரைக்கும் மூலப் பொருளைக் காப்பாத்துங்கன்னுதான் சொல்லுது.

சட்டமும் இங்க முக்கியம். 2021-ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனிப் பிரிவு வந்துச்சு. 50 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும். சேஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் பண்ணியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். ஆனா தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். மாருதி இன்ஜின் வச்சா இந்தக் கதவு மூடிடும். அண்ணன்கிட்ட இதைச் சொன்னதும் அவரே விட்டுட்டார்.

முதல்ல சேஸ், அப்புறம்தான் மத்ததெல்லாம்

கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். காத்திவாக்கத்துல உப்புக் காத்து ஷெட்டுக்குள்ளயும் வரும். உப்பு ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அதனால இரும்பு சீக்கிரம் அரிக்கும். வெளிய பெயிண்ட் நல்லா இருக்கும், உள்ள ஓட்டை விழுந்திருக்கும்.

ஏ40-க்கு பாடி வேற, சேஸ் வேற. பாடியை சேஸ் மேல போல்ட் போட்டு உட்கார வச்சிருப்பாங்க. எங்க மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரும் சின்ன சுத்தியும் எடுத்துட்டு கீழ படுத்தார். தட்டினா 'டங்'னு வரணும். 'டப்'புன்னு வந்தா அங்க துருதான். சேஸ்ல பின்பக்கம் ஒரே இடத்துல பொத்தல், வெட்டி வெல்டிங் பண்ணலாம். பாடியோட தரைத் தகடு நிறைய போயிருந்துச்சு. சேஸ் மொத்தமா போயிருந்தா 'சும்மா ஓட வைக்கலாம்'ங்கிற வழியே கிடையாது. அதனாலதான் இதை முதல்ல பார்க்கணும்.

செல்ஃப் அடிக்காதீங்க

எல்லாரும் பண்ற தப்பு, புது பேட்டரி வாங்கி வந்து உடனே செல்ஃப் அடிக்கிறது. பிஸ்டன் ரிங் துருப்பிடிச்சு ஒட்டியிருந்தா போர் கீறிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊற விடுங்க. அப்புறம் கையால மெதுவா சுத்திப் பாருங்க. இன்னொண்ணு, இந்தக் காலத்து ஆஸ்டின்ல பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடிக்கு எர்த். இப்போதைய வண்டி மாதிரி மாத்திக் கொடுத்தா டைனமோ கெட்டுப் போகலாம்.

டேங்க்ல கிடக்குற பழைய பெட்ரோலை வெளிய எடுத்து, டேங்கைக் கழுவணும். ரப்பர் எல்லாம் புதுசா வேணும். இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, பழைய ரப்பரை அது கெடுத்துடும். டெவன்ல முன் பிரேக் ஹைட்ராலிக், பின் பிரேக் ராடு. ரெண்டையும் தனித்தனியா சரி பண்ணணும். டயர் பார்க்க நல்லா இருந்தாலும் நம்பாதீங்க.

பார்ட்ஸுக்கு புதுப்பேட்டை போனா, "அம்பாசடர் சாமான் போட்டுக்கலாம் தம்பி"ன்னு சொல்வாங்க. அம்பாசடரோட 1489 சிசி இன்ஜினுக்கு இந்த இன்ஜின்தான் முன்னோடி. ஆனா எல்லாம் அப்படியே பொருந்தாது. அளந்து பார்த்துட்டு வாங்குங்க.

நாங்க எடுத்த முடிவு

சேஸ், தரைத் தகடு, பிரேக், பெட்ரோல் லைன், டயர், வயரிங், இதெல்லாம் இப்போ. பெயிண்ட், குரோம், சீட் எதையும் தொடல. எனக்கு இதுல கொஞ்சம் வருத்தம்தான். முழுசா கழட்டினா அழகா வரும். ஆனா சனி ஞாயிறு மட்டும் வேலை பார்த்து, வெளிநாட்டுல இருந்து பார்ட்ஸ் வரவழைச்சா நாலஞ்சு வருஷம் ஆகும். திரும்ப முடியாததுன்னு கணக்குப் போட்டப்போ, நான் வண்டியை மட்டும்தான் கணக்குல எடுத்தேன். பெரியப்பா வயசும் திரும்ப வராது.

பதினோராவது நாள் இன்ஜின் கையால சுத்துச்சு. இன்னும் ஸ்டார்ட் ஆகல. முதல் ரவுண்டு காம்பவுண்டுக்குள்ளதான், பதிவும் இன்ஷூரன்ஸும் வந்தப்புறம்தான் ரோடு. பெரியப்பா மட்டும் தினமும் சாயங்காலம் போய் ஸ்டீயரிங் பின்னாடி உக்காந்துட்டு வர்றார்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு வண்டி நின்னா, பெயிண்ட் கலரை அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வாரம் ஒரு டார்ச் எடுத்துட்டு கீழ படுத்து சேஸைப் பாருங்க.