நெடுந்தீவு யூனிட்டும் கொழும்பு யூனிட்டும்

தேத்தண்ணி ஆறட்டும் தம்பி, நீர் கேட்டதை ஆறுதலாகத்தான் சொல்லவேணும். புளியங்கூடலில் கரண்ட் போகும்போது கொழும்பிலும் ஏன் போகிறது, அந்த நேரத்திலும் நெடுந்தீவு எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதுதானே உமது கேள்வி?

எங்கள் வீட்டு பிளக்கிலிருந்து பின்னோக்கிப் போவோம். இங்கே வருவது 230 வோல்ட். ஊர் டிரான்ஸ்போமருக்கு வருவது 33,000 வோல்ட். சுன்னாகத்து உப மின்நிலையத்துக்கு, வவுனியா, கிளிநொச்சி வழியாக, 132,000 வோல்ட்டில் வருகிறது. இவ்வளவு அழுத்தம் எதற்கு? கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடக்கூடக் கம்பி சூடாகி மின்சக்தி வீணாகும். அழுத்தத்தைப் பத்து மடங்கு கூட்டினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறையும், வீண் நூறில் ஒன்றாகிவிடும். மலைநாட்டு ஆற்றுத் தண்ணீரில் பிறந்த கரண்ட் தீவகம் வரை வந்துசேர்வது இந்தக் கணக்கால்தான். மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர கட்டுரை எழுதிச் சொன்னது 1918இல். லக்சபான இயங்கத் தொடங்கியதோ 1950இல்.

இனிக் கடினமான இடம். நுரைச்சோலை நிலக்கரி ஆலையும் லக்சபானவும் மன்னார்க் காற்றாலைகளும் ஒரே கம்பி வலையில் நிற்கின்றன. அந்த வலை முழுவதும் வினாடிக்கு 50 தரம் என்ற ஒரே தாளத்தில் துடிக்கவேணும். பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கிறீர் என்று வையும். வேகம் மாறக்கூடாது. கரியரில் திடீரென்று ஒருவர் ஏறினால் அந்தக் கணமே மிதியைக் கூட்டவேணும், அவர் குதித்து இறங்கினால் குறைக்கவேணும். நாட்டில் எத்தனை வீடுகள் பம்ப் போட்டாலும் நிறுத்தினாலும் அதற்கேற்ற உற்பத்தி அதே கணத்தில் நடந்தாகவேணும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே இரவுபகலாக ஒரு கட்டுப்பாட்டு நிலையம் இயங்குகிறது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்று வலுசக்தி அமைச்சர் சொன்னார். சனம் சிரித்தது. ஆனால் குரங்கைவிடக் கவனிக்கவேண்டியது அந்த நேரம். விடுமுறை நாள், தொழிற்சாலைகள் மூடியிருந்தன, மின்தேவை குறைவு. கூரைச் சூரியத் தகடுகளோ நல்ல வெயிலில் உற்பத்தி செய்துகொண்டிருந்தன. நீராலையிலும் நிலக்கரி ஆலையிலும் சுழலும் பெரிய இரும்பு உருளைகள், ஒரு தட்டு விழுந்தாலும் தம் வேகத்தைச் சட்டென்று விடாது. சூரியத் தகட்டில் சுழல்வதற்கு ஒன்றுமில்லை. தாளம் குழம்பியதும் தகடுகளை இணைக்கும் கருவிகளில் பல தாமாகவே கழன்றுகொள்ளும், உற்பத்தியில் விழுந்த பள்ளம் இன்னும் ஆழமாகும். நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை மீண்டும் ஓட்டும்வரை அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர வெட்டு. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லி இலங்கை மின்சார சபை கேட்டது இந்தப் பயத்தால்தான்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு இந்த வலையில் இல்லை. அங்கே டீசல் எஞ்சின்கள் தனித்தனியாக ஓடுகின்றன. பாணந்துறையில் என்ன நடந்தாலும் அவற்றுக்குத் தெரியாது. அதைப் பெரிய வசதி என்று எண்ணிவிடாதேயும். டீசல் கடல் கடந்து போகவேணும். சின்ன எஞ்சினில் ஒரு யூனிட் உண்டாக்கும் செலவு, பெருநிலத்துச் செலவைப்போலப் பல மடங்கு. ஆனாலும் நெடுந்தீவு வீட்டுக்காரர் ஒரு யூனிட்டுக்குக் கட்டுவது கொழும்பு வீட்டுக்காரர் கட்டும் அதே விலை. நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்ற விதிதான் காரணம். என் மனதில் தேசிய மின்கட்டமைப்பு என்பது கம்பியைவிட இந்த விதிதான். கம்பி போகாத இடத்துக்கும் அது போய்ச் சேர்கிறது.

அந்தக் கட்டணத்தை யார் முடிவுசெய்வது? 1969இல் தொடங்கிய மின்சார சபை தானே உற்பத்தி செய்து தானே விற்றது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வந்தது. 2009ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் உற்பத்திக்கும் கடத்தலுக்கும் விநியோகத்துக்கும் வேறுவேறு உரிமம் வைத்து, கட்டணத்துக்கு ஆணைக்குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. இது காகிதத்தில் மட்டும் இருக்கும் அதிகாரம் இல்லை. 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறி எங்கள் முதுகை முறித்த கட்டணத்தை, 2025 ஜனவரியில் ஆணைக்குழு 20 சதவீதம் இறக்கியது. சபை இருந்தபடியே விடத்தான் கேட்டிருந்தது. ஜூனில் மீண்டும் 15 சதவீதம் ஏறியது வேறு கதை.

வலையிலிருந்து அறுந்து வாழ்வது என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. போரில் வடக்குக்கான பெரிய கம்பி போனபின் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். பிறகு சுன்னாகத்து டீசல் எஞ்சின்கள். 2013இல்தான் யாழ்ப்பாணம் மீண்டும் தேசியக் கட்டமைப்பில் இணைந்தது. இன்று பளைப் பக்கத்துக் காற்றாலைகளும் மன்னாரில் சபையே நிறுவிய 103.5 மெகாவாட் காற்றாலையும் அதே வலைக்குள் கரண்ட் ஊற்றுகின்றன.

வலைக்கு வெளியே நிற்கும் அந்த மூன்று தீவுகளுக்கும் 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் கையெழுத்தானது: 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, 2,400 யூனிட் சேமிக்கும் மின்கலம், அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்து, இந்தியா எதிர்த்து, நின்றுபோன வேலை இது. இரண்டு பெரிய நாடுகள் முட்டிக்கொண்ட ஆண்டுகளில் தீவுச் சனம் டீசலோடு காத்திருந்ததை நினைக்கக் கோபம் வருகிறது.

2024இன் புதிய மின்சாரச் சட்டமும் 2025இல் வந்த திருத்தமும் சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கின்றன. பிரிப்பது சரியா பிழையா என்று நான் சண்டைபிடிக்க வரவில்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் கணக்கைத் தனியாகப் பார்க்கத் தொடங்கும்போது, நெடுந்தீவு யூனிட்டின் மேலதிகச் செலவு எந்தப் பக்கத்தில் எழுதப்படும் என்பதே என் கவலை. கட்டணம் திருத்தும்போது ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அடுத்தமுறை இந்த ஒரு கேள்வியைத் தமிழில் எழுதி அனுப்புவோம். உமது கையெழுத்து நல்லது, நான் சொல்லச்சொல்ல நீர் எழுதும்.